சிப்பி ரூம்

"மாதா மொகத்து மேல கம்பிய இழுத்துக் கட்டி, அதுமேல வெரல வெச்சி அமுத்துவானாம்! அத இந்த வூட்டுக்குள்ள அறுக்கறதுக்கு நான் சரின்னணுமாம்! நான் இன்னா யூதாசா? முடியாது போய்யா!"

லூர்துமேரி கத்திய கத்தல் குழாயடி வரைக்கும் கேட்டது. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடம் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்காமல் திரும்பி நின்றார்கள். அவள் புருஷன் அடைக்கலராஜ் வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் கையில் மாதா படம் வரைந்த காகிதம் ஒன்று இருந்தது.

"மெதுவா பேசுடி. ஊருக்கே கேக்குது."

"கேக்கட்டும். தப்பு பண்றவன்தான் மெதுவா பேசணும்."

"தேர்த் திருவிழாவுல மாதா காலத் தொட்டு முத்தம் வெக்கறோமில்ல? அதுவும் வெரலுதானே?"

"தொடறது வேற, அமுத்தறது வேற. கல்யாணத்தப்போ ஒங்க அம்மா கால நான் தொட்டுக் கும்புட்டேன். மூஞ்சில வெரல வெச்சி நசுக்கினனா? நசுக்கணும்னு தோணல்லன்னு சொல்லல. நசுக்கல, அவ்ளோதான்."

குழாயடியில் சிரிப்பு கிளம்பியது. அடைக்கலராஜ் காகிதத்தைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தான். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க லூர்துமேரியின் பக்திதான் பேச்சு. மாதாவுக்காகப் புருஷனையே எதிர்த்து நின்றவள் என்றார்கள்.

பக்தியாவது ஒன்றாவது. அவளுக்குக் கண் தெரியவில்லை. காகிதத்தில் மாதாவின் மூக்கு எங்கே, வாய் எங்கே என்று பிடிபடவில்லை. அதைச் சொல்லக் கூடாது என்பதற்காக மாதாவைத் துணைக்கு இழுத்தாள். அவ்வளவுதான் சங்கதி.

வானூருக்குக் கிழக்கே முந்திரித் தோப்புக்குள் ஒரு வெள்ளைக்காரர் கிடார் செய்யும் பட்டறை வைத்திருந்தார். நெஞ்சு வரைக்கும் தாடி, அதனால் எல்லோருக்கும் அவர் தாடிக்காரர். கிடாரின் கழுத்தில் கருங்காலிப் பலகை ஒன்றை ஒட்டுவார்கள். வாசிக்கிறவனின் விரல் ஓடுகிற இடம் அது. விரலுக்கு இடம் தெரிய அங்கங்கே வெள்ளைப் புள்ளி வைப்பது வழக்கம். வசதி உள்ளவனுக்குப் புள்ளி போதுமா? கொடி வேண்டும், மயில் வேண்டும், பெண்டாட்டி பேர் வேண்டும். அதையெல்லாம் முத்துச்சிப்பித் தகட்டில், மயிர் மாதிரி மெல்லிய ரம்பத்தால் அறுத்து எடுக்க வேண்டும். அப்புறம் பலகையில் அதே வடிவத்துக்குப் பள்ளம் தோண்டிப் பதிக்க வேண்டும். பசையில் மரத்தூளைக் குழைத்து இண்டு இடுக்கை அடைத்துத் தேய்த்துவிட்டால், மரம் எங்கே முடிகிறது, சிப்பி எங்கே தொடங்குகிறது என்று தடவுகிற விரலுக்குத் தெரியாது.

இந்த வேலையில் அடைக்கலராஜைப் போல ஆள் இல்லை என்று பேர். பட்டறைக்கு வருகிறவர்களுக்குக் காட்டும் ஆல்பத்தில், ரம்பத்தைப் பிடித்தபடி அவன் போட்டோ இருக்கும். அது தொண்ணூற்று மூன்றில், கல்யாணமான புதிதில் எடுத்தது. அப்போது அது உண்மைதான். இரண்டு வருஷம் கழித்து, திண்டிவனம் ரோட்டில் ஒரு லாரிக்காரன் அவன் சைக்கிளைத் தட்டிவிட்டுப் போனான். அதோடு வலது கைக் கட்டைவிரல் மடங்காமல் போயிற்று. அந்தக் கையால் பலகை இழைக்கலாம், மெஷினில் பள்ளம் தோண்டலாம், பீடி பிடிக்கலாம். ரம்பம் பிடிக்க முடியாது.

பட்டறையில் அவன் அதைச் சொல்லவில்லை. சத்தத்தில் கை ஓடவில்லை, சிப்பி அறுக்கிற வேலையை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றான். வீட்டில் லூர்துமேரி ஆறு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் கையில் ரம்பத்தைக் கொடுத்தான்.

"இந்த ஒரு ஆர்டரு மட்டும் பாத்துக் குடு மேரி. கை செரியாயிடும்."

அவளுக்குக் கை நடுங்காது. அவள் செய்த பாவம் அது ஒன்றுதான். முதல் தகட்டிலேயே இலையின் நுனி சுத்தமாக வந்துவிட்டது. அடைக்கலராஜ் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அழுதான். சந்தோஷத்தில் அழுதான் என்றுதான் அவள் அப்போது நினைத்தாள்.

வீட்டுக்குப் பின்னால் தகரச் சீட் போட்டு ஒரு சார்ப்பு இறக்கினான். ஒரே ஜன்னல். அதையும் சாக்கால் மூடினான். ஃபேன் கூடாது, காற்றடித்தால் அறுத்த துண்டு பறந்துவிடும். சிப்பியை அறுத்தால் நகம் கருகுகிற நாற்றம் வரும், மாவு மாதிரி வெள்ளைத் தூசு கிளம்பும். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு நாள் திறந்திருந்த கதவு வழியாகக் கோழி ஒன்று நுழைந்து, அறுத்து வைத்திருந்த மயிலின் கண்ணைக் கொத்தி விழுங்கிவிட்டுப் போனது. மறுநாளிலிருந்து அடைக்கலராஜ் பட்டறைக்குக் கிளம்பும்போது கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டான்.

"கோழிக்குன்னா உள் தாப்பா போதாதா?" என்று கேட்டாள்.

"நீ எவளாவது கூப்டான்னா தொறப்ப. அவ உள்ள வந்து பாப்பா. போயி பட்டறையில சொல்லுவா. ஆல்பத்துல கீற என் போட்டோவ எடுத்துட்டு என்னையும் வெளிய போடுவான். அப்பறம் மூணு பேரும் மல்லாட்டத் தோல்தான் துன்னணும்."

அவன் கெட்டவன் இல்லை. பயந்தாங்கொள்ளி. கெட்டவனோடு சண்டை போட்டு ஜெயிக்கலாம். பயந்தவன் போட்ட தாழ்ப்பாளைத் திறக்க வழி கிடையாது. மத்தியானம் அவன் சாப்பிட வரும்போதுதான் ஒண்ணுக்குப் போக வேண்டும். அதனால் காலையில் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகினாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டு செண்பகத்திடம் விட்டுவிடுவான். லூர்துமேரிக்குச் சிப்பித் தூசு அலர்ஜி, அதனால் உள்ளேயே படுத்திருக்கிறாள் என்று செண்பகத்திடம் ஒரு கதை. தூசு இருக்கிற ரூமுக்குள் தூசு ஆகாதவளை ஏன் வைத்திருக்கிறான் என்று செண்பகம் யோசிக்கவில்லை. ஊர் யோசிக்காது.

அவள் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. தன் பேர் வெளியே வர வேண்டும் என்றோ, ஆல்பத்தில் தன் போட்டோ வர வேண்டும் என்றோ நினைத்ததே இல்லை. மல்லாட்டை பிடுங்கப் போக வேண்டும். அவ்வளவுதான். கூலி கம்மி, முதுகு ஒடியும். ஆனாலும் கடலைக் கொல்லையில் பெண்கள் வரிசையாகக் குனிந்துகொண்டு ஊர்க் கதையெல்லாம் பேசுவார்கள், பச்சை மல்லாட்டையை மண்ணோடு மெல்லுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் திண்டிவனம் பக்கத்தில் அவள் அப்படி வளர்ந்தவள்தான். சாக்கு போட்ட ஜன்னல் வழியாக அந்தப் பெண்கள் பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் ரம்பம் உடையும்.

கட்டைவிரல் சரியாகவில்லை. ஒரு ஆர்டர் பல வருஷம் ஆயிற்று. இடுப்பிலிருந்த பிள்ளை டயானா வளர்ந்து பள்ளிக்கூடம் போனாள், வயசுக்கு வந்தாள், பதினோராவது படிக்கப் போனாள்.

அப்போதுதான் 'தானே' என்று பேர் வைத்த அந்தப் புயல் வந்தது. ஊரையே கவிழ்த்துப் போட்ட புயல். முந்திரித் தோப்பெல்லாம் வேரோடு சாய்ந்தது. சார்ப்பின் சீட் எங்கே போய் விழுந்ததென்றே தெரியவில்லை. எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, கூரை இல்லாத ரூமில் நின்றுகொண்டு லூர்துமேரி வானத்தைப் பார்த்தாள். பாவிதான், சிரித்தாள். காற்றில் சிப்பி அறுக்க முடியாது. பட்டறையிலும் கரண்டு இல்லை. விழுந்த முந்திரியை வெட்டி அப்புறப்படுத்தக் கூலிக்குக் கூப்பிட்டபோது அவளும் கத்தியை எடுத்துக்கொண்டு போனாள்.

"இன்னாடி லூர்து, மண்ணுக்குள்ளேருந்து வந்த கெழங்கு மாரி வெளுத்துக் கெடக்கற?" என்றாள் செண்பகம்.

"அலர்ஜிக்கா."

"வெயிலு பட்டா போயிடும். தெனம் வா."

தினமும் போனாள். கறுத்தாள். இருமல் நின்றது. கெட்ட வார்த்தை பேசப் பழகினாள். பொங்கல் போய் மாசி வருவதற்குள் அடைக்கலராஜ் புதுத் தகரம் வாங்கிப் போட்டுவிட்டான்.

மறுபடி ரூமுக்குள் உட்கார்ந்து பென்சில் கோட்டைப் பார்த்தாள். ஒரு கோடு இரண்டாகத் தெரிந்தது. கண்ணைக் கழுவிவிட்டுப் பார்த்தாள். இரண்டுதான். தகட்டைத் தள்ளிப் பிடித்தால் ஒன்றாகச் சேர்ந்தது. அவ்வளவு தூரம் தள்ளிப் பிடித்து அறுக்க முடியாது. நாற்பது வயதில் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் கண் மங்குகிறது என்று சந்தோஷப்பட்ட பொம்பளை அந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான் இருப்பாள். இனி எப்படி அறுக்க முடியும்? முடியாதவளை உள்ளே வைத்து என்ன செய்வான்?

உடனே சொல்லவில்லை. சொன்னால் கண்ணாடி மாட்டிவிட்டு மறுபடி உட்கார வைப்பான் என்று தெரியும். கண் நன்றாகக் கெடட்டும் என்று காத்திருந்தாள். கொடியும் பூவும் கைப்பழக்கத்திலேயே வந்துவிடும், அதை வைத்துச் சமாளித்தாள். அந்தச் சமயம் பார்த்துத்தான் சென்னையில் யாரோ ஒருவர் மாதா முகம் வைத்த கிடார் கேட்டார். கட்டைவிரல் நகம் அளவு முகம். அதில் கண், மூக்கு, உதடு. அன்றைக்குத்தான் அவள் யூதாசை இழுத்தது.

அடைக்கலராஜ் அதை அப்படியே பட்டறைக்குக் கொண்டு போனான். தன் வார்த்தையாக. மாதா முகத்தின் மேல் விரல் வைப்பதற்குத் தன் மனசு ஒப்பவில்லை என்று தாடிக்காரரிடம் சொன்னான். மறுநாள் பட்டறை மேஸ்திரி விருத்தாசலம் டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்கினார்.

"ராஜு, தாடிக்காரரு உருகிப் போயிட்டாருய்யா. இப்பிடி ஒரு பக்திமான் என் பட்டறையில கீறானான்னு கேட்டாரு. சென்னைக்கிப் போன் போட்டுப் பேசிட்டாரு. கழுத்துல வாணாம், மாதாவத் தலைக்கு ஏத்திடலாம்னு முடிவாயிடிச்சி. கம்பி முறுக்கற எடத்துல, நட்ட நடுவுல. அங்க எவனும் வெரல வெக்க மாட்டான்."

அடைக்கலராஜ் தலையைக் குனிந்துகொண்டான். பக்திமான் வேஷம் அவனுக்குப் பொருந்தித்தான் இருந்தது.

விருத்தாசலம் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, ஒங்க வூட்டுக்காரரு சாமியாரா போயிடுவாரு போல. பாத்துக்கம்மா."

"போனா நல்லதுதாண்ணே. ஒரு வேள அரிசி மிஞ்சும்."

அவர் சிரித்துக்கொண்டே கிளம்பினார். வண்டிச் சத்தம் அடங்கியதும் அடைக்கலராஜ் உள்ளே வந்தான்.

"இப்ப இன்னா சொல்ற? மாதா தலையில ஏறிட்டாங்க. அறுப்பியா, மாட்டியா?"

சாக்கு தீர்ந்துவிட்டது. "எனக்குக் கண்ணு தெரியல" என்றாள்.

"எப்பலேருந்து?"

"புயலுலேருந்து."

"அதுக்கின்னா, கண்ணாடி போட்டுக்கோ."

இந்த இடத்துக்கு அவள் பதில் தயாராக வைத்திருந்தாள். "திண்டிவனத்துல எங்க அக்கா வூட்டுக்குப் போனப்போ கண்ணு கேம்புல காட்டினேன். நரம்பு செத்துப் போச்சாம். கண்ணாடியும் வேலைக்கு ஆவாதுன்னுட்டாங்க."

எந்த கேம்புக்கும் அவள் போகவில்லை. மாதா பேரைச் சொல்லி ஒரு பொய், டாக்டர் பேரைச் சொல்லி ஒரு பொய். அடைக்கலராஜ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பதினேழு வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தையை அவனே சொன்னான்.

"சரி வுடு மேரி. எவ்ளோ நாளு ஒக்காந்துட்ட. போதும்."

செண்பகத்தோடு எந்தக் கொல்லைக்குப் போகலாம் என்றுகூட அந்த நொடியில் யோசித்துவிட்டாள்.

"டயானா ஒக்காரட்டும்" என்றான்.

"இன்னாது?"

"அவளுக்கும் ஒன் கைதான். அர பரிச்ச லீவுல ஒரு ஸ்டாரு அறுத்தாளே, பாக்கல? நான் பட்டறையில காட்டினேன். எவனுக்கும் வித்தியாசம் தெரியல."

"படிக்கற பொண்ணுய்யா அது. வர்ற பங்குனில பெரிய பரிச்ச."

"யாரு படிக்க வாணான்னா? இந்த ஒரு ஆர்டரு மட்டும் முடியட்டும்."

இந்த ஒரு ஆர்டர். அடுப்படியில் அவள் கேட்ட அதே வார்த்தை. டயானா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அவளுக்கு ஒரே குஷி. பிசிக்ஸ் புத்தகத்தைவிட ரம்பம் அவளுக்கு இனித்தது.

"எனக்கு வரும்மா. நான் பண்றேன். நீ ரெஸ்ட் எடு."

"நீ வாய மூடுடி."

"ஏம்மா, நீ மட்டும் பண்ணல? எனக்குப் புடிச்சிருக்குது."

பிடித்திருக்கிறது என்கிற பிள்ளையிடம் என்ன சொல்வது? லூர்துமேரிக்கும் முதல் இலை பிடித்துத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் டயானா பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு ரூமுக்குள் போனாள். அடைக்கலராஜ் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தவன், போகிற போக்கில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இழுத்துவிட்டான். வேண்டுமென்று செய்யவில்லை. கை பழகிவிட்டது. சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டான். அந்தத் தாழ்ப்பாள் விழுகிற சத்தத்தை லூர்துமேரி வெளியே நின்று கேட்டது அதுதான் முதல் தடவை. உள்ளே கேட்கும்போது அது இவ்வளவு பெரிய சத்தமாக இருந்ததில்லை.

"தே டயானா, தாப்பாள எடுத்துவுடவா?"

"வாணாம்மா, கோழி வந்துடும்" என்றாள் மகள் உள்ளேயிருந்து.

தெருவில் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். "லூர்து, மல்லாட்ட புடுங்க வர்றியா? ஆளு பத்தல" என்று செண்பகம் கூப்பிட்டாள்.

போனாள். ஆசைப்பட்டது கூப்பிட்டு வந்தால் போகாமல் இருப்பாளா? வெயில் அடித்தது, மண் ஈரமாக இருந்தது, பக்கத்து வரிசையில் ஒருத்தி தன் மருமகளை வாய் ஓயாமல் திட்டினாள். எல்லாம் அவள் நினைத்துக்கொண்டிருந்த மாதிரியேதான் இருந்தது. ஆனால் செடியை இழுக்கிற ஒவ்வொரு முறையும், பெண்பிள்ளை காலையில் தண்ணீர் குடித்தாளோ, குடித்திருந்தால் என்ன செய்வாளோ என்கிற ஒரே நினைப்பு. வாயில் போட்ட மல்லாட்டை இறங்கவில்லை. பாதி வேலையில் மண் கையோடு எழுந்து வந்துவிட்டாள்.

தாழ்ப்பாளை எடுத்தாள். டயானா நிமிர்ந்தாள். புருவம் நரைத்திருந்தது. மூக்கில் கட்டிய துணி கழுத்தில் கிடந்தது. கண் மட்டும் பளபளத்தது.

"பாரும்மா, மூக்கு வந்துடிச்சி."

ஓரத்தில் கிடந்த சிப்பிச் சில்லில் மகள் பழகிப் பார்த்திருந்தாள். கொஞ்சம் தள்ளிப் பிடித்துத்தான் லூர்துமேரியால் அதைப் பார்க்க முடிந்தது. நல்ல அறுப்பு. தன்னுடையதைவிட நல்ல அறுப்பு. இனி ஒரு நாள் விட்டாலும் இவளை வெளியே எடுக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. மாதா படம் ஒட்டிய பெரிய தகட்டை மகள் கையிலிருந்து பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எம்மா! இன்னா பண்ற?"

"ஒண்ணுக்குப் போனியா?"

டயானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அடக்கிக்கினு கீறேன். அப்பா வந்துடுவாரில்ல?"

"எழுந்து போ. போயிட்டு அப்பிடியே யூனிபார்ம மாட்டு. மத்தியான கிளாசுக்குப் போலாம்."

அடைக்கலராஜ் சாப்பிட வந்தபோது ரூம் கதவு திறந்து கிடந்தது, கோழி உள்ளே மேய்ந்துகொண்டிருந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் லூர்துமேரி முந்திக்கொண்டாள்.

"இதப் பாருய்யா. இனிமே அவ அந்த ரூமு வாசப்படி மெதிச்சா, நான் நேரா தாடிக்காரரு கிட்ட போவேன். அங்கயே ஒக்காந்து அறுத்துக் காட்டுவேன். ஒன் பேருல இத்தினி வருசம் அறுத்தது யாரு கைன்னு அவரே தெரிஞ்சிக்கட்டும்."

அடைக்கலராஜ் மடங்காத கட்டைவிரலை மறு கையால் பிடித்துக்கொண்டான். "சோத்துல மண்ணப் போடுவியா?"

"போடுவேன். எனக்கின்னா, ரெண்டு கையும் நல்லா கீது, கூலிக்குப் போவேன்."

"அப்பன்னா மாதாவ யாரு அறுக்கறது? சனிக்கெழம விருத்தாசலம் வந்து நிப்பாரு."

இப்படி ஒரு மிரட்டலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். ரூமையே இடி என்று கேட்டிருக்கலாம். ஆனால் மூன்று பேர் சோறு அந்தப் பொய்யில்தான் வெந்துகொண்டிருந்தது. டயானாவின் பரீட்சை ஃபீஸும் அதில்தான். பொய் நிற்க வேண்டுமென்றால் உள்ளே யாராவது ஒருத்தி உட்கார வேண்டும்.

"நான் அறுப்பேன்."

"நரம்பு செத்துப் போச்சின்னியே?"

"செத்தது ஒன் நரம்பு. என் கண்ண நான் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை அக்கா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். புதுச்சேரிக்குப் போயிருந்தால் பக்கம்தான். ஆனால் அங்கே பட்டறை ஆள் யாராவது பார்த்துவிடுவான். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒருவன் குடைக்கடியில் மூக்குக்கண்ணாடி பரப்பி வைத்திருந்தான். ஒன்றை அவள் காதில் மாட்டிவிட்டுப் பேப்பர் துண்டு ஒன்றை நீட்டினான்.

"படிம்மா."

"எனக்கு எழுத்து தெரியாதுப்பா."

"அப்பறம் எதுக்கு ஒனக்குக் கண்ணாடி?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சிப்பித் தகட்டை எடுத்தாள். அவன் ஒவ்வொன்றாக மாட்டிவிட, அவள் தகட்டை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றில் மாதாவுக்கு இரண்டு வாய். இன்னொன்றில் வாயே இல்லை. கறுப்பு பிளாஸ்டிக் பிரேம் ஒன்றை மாட்டியதும் எல்லாம் சட்டென்று கூடி நின்றது. கீழ் உதட்டின் வளைவு, இமை, கோட்டின் ஓரத்தில் பென்சில் நுனி ஒடிந்த இடம்கூட.

"தெரியுதா?"

"தெரியுது." அவள் அதைக் கழற்றவில்லை. "இது எவ்ளோ நாளிக்கித் தாங்கும்?"

"கண்ணாடி ஒடஞ்சா ஒடஞ்சதுதான். ஆனா கண்ணுக்குப் பயமே வாணாம்மா. மங்கிச்சின்னா வா, நம்பரு ஏத்திக் குடுக்கறேன். மறுக்கா மங்கிச்சா மறுக்கா ஏத்திக்கலாம். சாவற வரைக்கும் ஒக்காந்து வேல பாக்கலாம்."

பேரம் பேசாமல் கொடுத்தாள். எழுபது ரூபாய்.